நம்ம பாஷை வருமா? – வெளிமாநிலத் தமிழர் வீடும் நூறாண்டுப் பொழுதுபோக்குப் பெட்டிகளும்

வரலாறு என்றாலே அரசர், போர், கல்வெட்டு, செப்பேடு என்று எண்ணுவது நம் வழக்கம். ஆனால் வீட்டுக்கூடத்தின் மூலையில் எந்தப் பெட்டி இருந்தது, அதை வாங்கும்போது வீட்டார் என்ன கேட்டார்கள், வாங்கிய பின் என்ன குறை சொன்னார்கள் என்பதும் வரலாறுதான். தில்லியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மின்சாமான் கடை நடத்தியவன் நான். ரேடியோ, டேப்ரெக்கார்டர், டி.வி. என்று எது வந்தாலும் நம் தமிழ்க் குடும்பத்தார் கல்லாவுக்கு முன் நின்று கேட்டது மூன்றே கேள்விகள்.

"ஏங்க, இதுல நம்ம பாஷை வருமா?"

"மாசாமாசம் என்ன செலவாகும்?"

"நாளைக்கும் நம்ம கையில நிக்குமா?"

இத்தனை வாட், இத்தனை சேனல் என்று கம்பெனிக்காரர் அட்டையில் அச்சடித்ததெல்லாம் அப்புறம்தான். இந்த மூன்று கேள்விகளையே அளவுகோலாக வைத்து, இசைத்தட்டு முதல் இன்றைய கைப்பேசி வரை வந்த கதையை ஈண்டு காண்போம். முதல் கேள்வியில் நாம் முழுமையாக வென்றுவிட்டோம். மூன்றாவதில் தோற்றுக்கொண்டே வருகிறோம். அந்தத் தோல்வியால் நம் வீட்டுப் பரணில் என்ன அழிந்துகொண்டிருக்கிறது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரக்குத் தட்டு: முழுக் கிரயம்

இந்தியாவில் வணிக முறையிலான இசைத்தட்டுப் பதிவு 1902 நவம்பரில் கல்கத்தாவில் தொடங்கியது. கிராமபோன் கம்பெனியின் சார்பில் வந்த பிரெட் கைஸ்பர்க் என்பவர் கௌஹர் ஜான் முதலியோரின் குரல்களைப் பதிவு செய்தார். 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் தட்டு அச்சிடும் ஆலையே வந்துவிட்டது. தட்டின் முக்கியச் சரக்கு நம் நாட்டு அரக்கு. சோட்டாநாக்பூர்க் காடுகளில் பூச்சி உண்டாக்கும் பொருள், உலகெங்கும் பாட்டாகச் சுழன்றது என்று கூறின் மிகையாகாது.

நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றரை நிமிடம். மணிக்கணக்கில் ராகம் பாடுகிற வித்துவான்கள் அந்த மூன்றரை நிமிடத்துக்குள் ஆலாபனையையும் கிருதியையும் அடக்க வேண்டியதாயிற்று. "பாட்டு சூடு பிடிக்கிறதுக்குள்ள முடிஞ்சுடுதே" என்பது அக்காலத்துக் குறை. எஃகு ஊசியும் சீக்கிரம் தேயும். அடிக்கடி மாற்றாவிட்டால் தட்டைக் கீறிவிடும். கை தவறினால் தட்டே உடைந்துவிடும்.

ஆனால் நம் மூன்று கேள்விகளுக்கும் அது சொன்ன பதிலைப் பாருங்கள். தமிழ் வருமா? கே.பி. சுந்தராம்பாள் தட்டை வாங்கினால் கண்டிப்பாக வரும். பம்பாயில் போட்டாலும் வரும், ராஞ்சியில் போட்டாலும் வரும். மாதச் செலவு? ஊசிக்காசு மட்டும். கையில் நிற்குமா? நிற்கும். நிலம் வாங்குகிறவன் பாஷையில் சொன்னால் இது முழுக் கிரயம். பேரனுக்கு எழுதி வைக்கலாம். விற்கலாம், பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுக்கலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வானொலி: உரிமச் சீட்டும் இரவு நேரமும்

வானொலி வந்தபோது கணக்கு மாறியது. சென்னையில் 1924இலேயே ஒரு வானொலிக் கழகம் அமைந்து ஒலிபரப்பு நடத்தியது. அகில இந்திய வானொலி என்ற பெயர் 1936இல் வந்தது. சென்னை நிலையம் 1938இலும், திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. ரேடியோ வைத்திருப்பவர் அஞ்சல் நிலையத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டி உரிமம் பெற வேண்டும். சிறு புத்தகம் போன்ற அந்த உரிமத்தில் வில்லை ஒட்டி முத்திரை குத்துவார்கள். பெட்டி நம்முடையது, கேட்பதற்கு மட்டும் அனுமதி வேண்டும் என்ற ஏற்பாடு நம் வீடுகளுக்குள் நுழைந்தது அப்போதுதான். 1980களின் நடுவில் அந்தக் கட்டணம் ஒழிந்தது.

வெளிமாநிலத் தமிழருக்கு வானொலியில் பெரிய சிக்கல் தூரம். மத்திய அலை பகலில் வெகுதூரம் போகாது. பொழுது சாய்ந்த பிறகு வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு வரும். ஆகவே வடக்கே இருந்தவர்கள் இரவில்தான் சென்னையையும் திருச்சியையும் தேடுவார்கள். கிடைத்தாலும் அலை மோதுவது போல் ஏறி இறங்கும். சிற்றலை கைகொடுத்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் குறைக்கப்பட்டன. கேட்பவர்கள் சண்டை போடவில்லை. முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள்! இரண்டாம் உலகப்போரின்போது படையினருக்காகக் கொழும்பில் நிறுவிய ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போருக்குப் பின் பாட்டு வழங்கியது. இந்தியில் அமீன் சயானி, தமிழில் மயில்வாகனம், பின்னாளில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோர் குரல்கள் வீட்டுக் குரல்களாயின. இந்தப் போட்டியால்தான் 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித் பாரதி பிறந்தது. நுகர்வோர் கருத்து என்று இன்று சொல்கிறோமே, அதற்கு அரசே பணிந்த ஆரம்பகால நிகழ்ச்சிகளில் இது ஒன்று. யாரும் மனு எழுதவில்லை. முள்ளைத் திருப்பினார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. தமிழ்நாடே காது கொடுத்துக் கேட்ட ஆகாசவாணித் தமிழ்ச் செய்தி பல ஆண்டுகள் தில்லியிலிருந்துதான் வாசிக்கப்பட்டது. அதை வாசித்துப் புகழ்பெற்ற சரோஜ் நாராயணசுவாமி தில்லியிலேயே பணியாற்றி, 2022 ஆகஸ்டில் மும்பையில் காலமானார். வெளிமாநிலத் தமிழரின் குரல் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. ஊரின் குரல் நமக்கு வந்து சேரத்தான் பாடாயிருந்தது.

டி.வி.: முதலில் பார்த்தோம், தமிழில் பார்க்கவில்லை

1959 செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. 1972 அக்டோபர் 2இல் பம்பாய் நிலையம் வரும்வரை, பதின்மூன்று ஆண்டுகள், டி.வி. நிலையம் இருந்த ஒரே இந்திய நகரம் தில்லி. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. அதாவது சென்னையில் இருந்த அண்ணன் தம்பிகளுக்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே தில்லித் தமிழர் டி.வி.யைப் பார்த்துவிட்டார்கள். பார்த்து என்ன? அது பேசியது இந்தி.

1982 ஆகஸ்ட் 15இல் தேசிய ஒளிபரப்பும் வண்ணமும் வந்தன; நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஐதராபாத்தின் ஈ.சி., கேரளத்தின் கெல்ட்ரான், உத்தரப் பிரதேசத்தின் அப்ட்ரான், சென்னையின் சாலிடேர், டயனோரா என்று மாநிலத்துக்கு மாநிலம் பெட்டிகள். கடைக்கு வந்த தமிழர்களில் சிலர் சாலிடேர், டயனோராவைப் பேர் சொல்லிக் கேட்பார்கள். "படம் நல்லா வரும்" என்பது காரணம் இல்லை. "நம்ம ஊர்ப் பெட்டிங்க" என்பதுதான். பெட்டி நம் ஊர். உள்ளே வந்த பேச்சு நம் பேச்சு அல்ல.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் மாநில மொழிப் படம் போடத் தொடங்கியபோது, தமிழின் முறை பல வாரங்களுக்கு ஒருமுறை வந்தது. அன்றைக்கு டி.வி. உள்ள தமிழ் வீட்டில் செருப்பு வைக்க இடம் இராது. மொட்டை மாடியில் ஒருவர் ஏரியலைத் திருப்ப, "இன்னும் கொஞ்சம்... போதும் போதும்... போச்சு!" என்று கீழிருந்து கத்துவதை அறுபதைத் தாண்டியவர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

நாடா யுகம்: நம் குரலே பெட்டிக்குள்

எனது பார்வையில் நுகர்வோர் உண்மையிலேயே எஜமானனாக இருந்த காலம் ஒன்று உண்டென்றால் அது கேசட் காலம்தான். பிலிப்ஸ் கம்பெனி 1963இல் கொண்டுவந்த சிறு கேசட், நம் நாட்டில் எழுபதுகளின் இறுதியில் வளைகுடா சென்று வந்தவர்களின் பெட்டிகளோடு பரவி, எண்பதுகளில் வெள்ளமாயிற்று. அதுவரை பதிவுத் துறையை ஆண்ட பெரிய கம்பெனியின் பிடி தளர்ந்தது. வடக்கே டி-சீரிஸ் போன்றவையும், தெற்கே எக்கோ, சங்கீதா போன்றவையும் வளர்ந்தன. அமெரிக்க இசை ஆய்வாளர் பீட்டர் மானுவல், வட இந்தியக் கேசட்டைப் பற்றி 1993இல் ஒரு நூலே வெளியிட்டார்.

கேசட்டின் பெருமை விலையில் மட்டும் இல்லை. இசைத்தட்டும் வானொலியும் டி.வி.யும் நமக்குச் சொல்பவை. கேசட் நம்மைச் சொல்லவிடுவது. சிவப்புப் பொத்தானையும் அடுத்த பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் பதிவு. விடுமுறைக்கு ஊருக்குப் போனவர் அறுபது, தொண்ணூறு நிமிட வெற்றுக் கேசட்டோடு கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வருவார். அதே கேசட்டில் பாட்டியின் நலங்குப் பாட்டு, தாத்தா சொன்ன குலதெய்வக் கதை, குழந்தையின் முதல் மழலை எல்லாம் ஏறின. கடிதம் எழுதத் தெரியாத தாய், கேசட்டில் பேசி அனுப்பினாள். மேல் விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிட்டால் யாரும் மேலே பதிய முடியாது. மனம் மாறினால் அந்த ஓட்டையில் ஒட்டுத்தாளை ஒட்டி மறுபடி பதியலாம். இந்தச் சூட்சுமம் தெரியாத வீடே இல்லை.

படத்துக்கு 'டெக்' வந்தது. வாங்க முடியாதவர்கள் ஓரிரவு வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று தமிழ்ப் படம் பார்த்துக் காலையில் சிவந்த கண்ணோடு ஆபீஸ் போனார்கள். கேசட் பிரதிக்குப் பிரதி எடுத்ததால் முகமெல்லாம் நிழலாடும். "யாரு ரஜினி, யாரு வில்லன்னே தெரியலை" என்பார்கள். ஆனாலும் திருப்பிக் கொடுக்காமல் இன்னொரு தடவை போடுவார்கள். கள்ளப் பதிவு பெருகியதால் 1984இல் பதிப்புரிமைச் சட்டத்தையே திருத்தினார்கள். தயாரிப்பாளருக்கு அது நஷ்டம், சந்தேகமில்லை. வணிகனாக அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் வெளிமாநிலத்தில் தமிழ்ப்படம் காசு கொடுத்து வாங்கவும் வழியில்லாத தெருக்கள் அநேகம் இருந்தன என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

தட்டு, கேபிள், குடை

1993 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள், சன் டி.வி. தொடங்கியது. முதல் கேள்விக்கு இனி பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தோம். அவ்வளவு சுலபமாக இல்லை. தெருவில் கேபிள் நடத்துபவர் முதலில் கேட்டது, "உங்க மதராஸி வீடு எத்தனை?" பத்து வீடு என்றால் தலையை ஆட்டுவார். பழைய கேபிளில் இத்தனை சேனல்தான் ஏற்ற முடியும் என்ற வரம்பு உண்டு. பெரும்பான்மைக்குப் போக மிஞ்சிய இடத்துக்குத்தான் நம் போட்டி. ஆகவே தமிழ்க் குடும்பங்கள் கையெழுத்து வாங்கி, மொத்தமாகப் போய்ப் பேசி, ஒரு சேனலை ஏற்ற வைத்தார்கள். பல காலனிகளில் தமிழர் ஒருவரோடொருவர் பழகியதே அப்படித்தான்.

2006இல் கட்டண சேனல் ஒன்றுக்கு மாதம் 5 ரூபாய், இலவச சேனல்களின் தொகுப்புக்கு 77 ரூபாய் என்று டிராய் வரம்பு கட்டி, தில்லி, மும்பை, கொல்கத்தாவின் சில பகுதிகளில் அவ்வாண்டு இறுதியில் பெட்டி முறை வந்தது. சென்னையில் அது 2003 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. இதற்கிடையில் வீட்டுக்கு வீடு குடை: 2003இல் டிஷ் டி.வி., 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் இலவசக் குடை, 2006இல் டாடா ஸ்கை. இனி தெருக் கேபிள்காரரின் தயவு வேண்டாம். தென்னக பேக் என்று சொன்னால் தமிழ் வந்தது. குறை இல்லாமலா? பலத்த மழையில் அந்த அலைவரிசை தளர்ந்து படம் போய்விடும். "கிளைமாக்ஸ்ல மழை வந்துடுச்சு" என்பது அந்தக் காலத்துப் புலம்பல். 2019 பிப்ரவரியில், நூறு சேனல் வரை வரி நீங்கலாக 130 ரூபாய் அடிப்படைக் கட்டணம், அதற்கு மேல் வேண்டியதைத் தனித்தனியே எடுத்துக்கொள் என்ற முறை வந்தது. "பார்க்காத சேனலுக்கு ஏன் காசு" என்று கேட்டவர்களுக்கு அது நியாயமாய்ப் பட்டது. கூட்டிப் பார்த்தபோது பல வீடுகளில் பழைய தொகையைவிட ஏறியிருந்தது!

நடுவில் வி.சி.டி.யும் டி.வி.டி.யும் வந்து போயின. வி.சி.டி.யில் ஒரு தட்டுக்கு எழுபத்தைந்து நிமிடம் போல. நம் நீளப் படத்துக்கு இரண்டு மூன்று தட்டு. 2007இல் மோசர் பேர் கம்பெனி 28 ரூபாய்க்கு வி.சி.டி., 34 ரூபாய்க்கு டி.வி.டி. என்று விற்றபோது, கள்ளத் தட்டு விலைக்கே நல்ல தட்டு கிடைத்தது. ஜனங்கள் நியாயமான விலை இருந்தால் நேர்மையாகவே வாங்குவார்கள் என்பதை என் கல்லாப் பெட்டியே காட்டியது. அந்தக் கம்பெனியும் 2018இல் கலைக்கப்பட்டது.

இன்றைய நிலை: வாடகை வீடு

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையத் தரவு மலிந்தது. அதே காலத்தில் ஹாட்ஸ்டார், நெட்பிளிக்ஸ், பிரைம், 2017இல் சன் நெக்ஸ்ட் என்று வரிசையாக வந்தன. இன்று கௌகாத்தியில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் கோவில்பட்டியில் இருக்கும் பிள்ளைக்கும் கிடைக்கிற தமிழ் ஒன்றே. நூறாண்டாக நாம் கேட்ட "நம்ம பாஷை வருமா" என்ற கேள்வியே இப்போதைய பிள்ளைகளுக்கு விளங்காது. இது பெரிய வெற்றி, மனமாரக் கொண்டாடுவோம்.

ஆனால் மற்ற இரண்டு கேள்விகள்? மாதச் செலவு ஓயாது. கட்டுவதை நிறுத்தினால் கூடம் காலி. கையில் நிற்பது ஏதுமில்லை. இது கிரயமும் அல்ல, போக்கியமும் அல்ல. வீட்டுக்காரன் இரவோடிரவாகச் சாமானை மாற்றக்கூடிய வாடகை. இன்று இருக்கும் படம் உரிமம் முடிந்தால் அடுத்த மாதம் இராது. பெயரே மாறும்: 2025 பிப்ரவரியில் இரண்டு தளங்கள் இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனது நமக்குத் தெரியும்.

2012 பிப்ரவரியில் பிளிப்கார்ட் 'பிளைட்' என்ற பாட்டுக் கடையைத் திறந்து, 2013 ஜூனில் மூடியது. அங்கே வாங்கியவை பூட்டில்லாத எம்.பி.3 கோப்புகள், தம் கணினியில் இறக்கி வைத்தவர்களிடம் பாட்டு தங்கியது. கடை மூடியும் சரக்கு நின்றதற்குக் காரணம், சரக்கு வாங்கியவன் வீட்டில் இருந்ததுதான். பெரியவர்கள் இதை உள்ளூர உணர்கிறார்கள். 2017இல் சரிகம கம்பெனி ஐயாயிரம் பாட்டை உள்ளே வைத்து 'கார்வான்' பெட்டியை விற்றபோது, கைப்பேசியில் எல்லாம் இலவசமாய்க் கிடைக்கிற காலத்திலும், பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு வாங்கித் தந்தார்கள். பொத்தானை அழுத்தினால் பாட வேண்டும், மாதக் கட்டணம் கூடாது என்பது அந்தத் தலைமுறையின் தீர்ப்பு.

பரணில் இருப்பது

திரைப்பாட்டு எங்கேயாவது கிடைக்கும், கவலையில்லை. நான் கவலைப்படுவது வேறு சரக்குக்கு. பாட்டியின் நலங்குப் பாட்டு எந்தத் தளத்திலும் இல்லை. எண்பதுகளில் நம் சங்க மேடைகளில் நடந்த நாடகம், பட்டிமன்றம், கல்யாண வீடியோ எல்லாம் ஒரே பிரதியாகப் பரணில் கிடக்கின்றன. காந்த நாடாவுக்கு ஆயுள் சில பத்தாண்டுகள்தான். ஈரமும் வெயிலும் சேர்ந்தால் காந்தப் பூச்சு பிசுபிசுக்கும், பூஞ்சை பிடிக்கும். போட்டுப் பார்க்கும் இயந்திரமும் அருகிவிட்டது. வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் புனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

இதற்கு வழி நம் முன்னோரிடமே உண்டு. ஓலைச்சுவடியைக் கரையானும் காலமும் தின்னும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் பழையது செல்லரிக்கும் முன் புது ஏட்டில் பிரதி எடுத்தார்கள். சமணரிடையே இதற்குச் சாத்திர தானம் என்றே பெயர். நூலைப் படியெடுத்துக் கொடுப்பது அன்னதானத்துக்கு இணையான அறம். பத்தாம் நூற்றாண்டில் அத்திமப்பே என்ற அம்மையார் பொன்னனின் சாந்திபுராணத்தை ஆயிரம் பிரதி எடுத்து வழங்கினார் என்று கன்னட இலக்கிய வரலாறு கூறும். 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்ற முடிந்ததும், யாரோ பெயர் தெரியாத பலர் தலைமுறை தலைமுறையாக ஏட்டைப் பிரதி செய்து வைத்ததால்தான். கேசட்டும் ஓர் ஏடுதான். நம் முறை வந்திருக்கிறது.

செய்ய வேண்டியது கடினமில்லை. பூஞ்சை படிந்த கேசட்டை இயந்திரத்தில் போடாதீர்கள். இயந்திரமும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். அதைத் தனியே வைத்து, தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்லதாக இருப்பதை, தலைப்பகுதி துடைத்த டேப்பில் போட்டு, கணினியோடு இணைத்துச் சுருக்காத கோப்பாகப் பதியுங்கள். பேசுபவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். பெயர் இல்லாத குரல் அடுத்த தலைமுறைக்கு வெறும் சத்தம். மூன்று பிரதி வேண்டும்: ஒன்று வீட்டில், ஒன்று வேறொரு வட்டில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடம். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்த்துப் புதிய வட்டுக்கு மாற்றுங்கள். நம் சங்கம் ஒரு டெக்கும் ஒரு டேப்பும் கணினியும் வைத்து, மாதம் ஒரு ஞாயிறு உறுப்பினர் வீட்டு நாடாக்களைப் படியெடுத்துக் கொடுத்தால், அது இந்த மலரைவிட நீடித்த பணியாக இருக்கும்.

தமிழ் வரும் பெட்டிக்காக நம் பெற்றோர் மொட்டை மாடி ஏறினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், கேபிள்காரரிடம் கெஞ்சினார்கள். இன்று தமிழ் தானாக வருகிறது. வராதது அவர்களுடைய குரல் ஒன்றுதான். அது இன்னும் பரணில் இருக்கிறது. இந்தத் தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது, அந்தப் பழைய கேசட் பெட்டியைக் காயலான் கடைக்காரரிடம் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.